வாசகர் கேள்வி பதில்: கிராஃபீன் நுண்ணலை உணரிகள்

கேள்வி: புரதத்தைக் கண்டறிய, நுண்ணலை ஒத்ததிர்வியின் (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் வலுவாக அதிரும் உலோகச் சுற்று) இடைவெளியில் கிராஃபீன் (ஓரணு தடிமனுள்ள கார்பன் தாள்) பதித்து உணரி செய்திருக்கிறோம். புரதம் இல்லாத வெறும் பஃபர் கரைசலை (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் உப்புக் கரைசல்) 10 மைக்ரோலிட்டர் விட்டாலே ஒத்ததிர்வு அதிர்வெண் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. ஏன்?

பதில்: திறந்த துளி ஆவியாவதே முதல் சந்தேகம். 25 டிகிரி செல்சியஸில் நீரின் மின்காப்பு மாறிலி (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதன் அளவு) சுமார் 78. காற்றுக்கும் புரதத்துக்கும் அது மிகக் குறைவு. மாறிலி குறைந்தால் ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறும்; எனவே நீர் விலகிய இடத்தில் இவற்றில் எது வந்தாலும் அதிர்வெண் ஏறும். சூடு ஒரு டிகிரி கூடினால் நீரின் மாறிலி ஏறக்குறைய 0.36 குறையும், 2 கிகாஹெர்ட்ஸ் உணரியில் அதுவே சில மெகாஹெர்ட்ஸ் வரை நகர்த்திவிடும். ஆவியாதல், சூடு, புரதம் ஒட்டுவது மூன்றும் ஒரே திசையில்தான் தள்ளுகின்றன. எனவே அதிர்வெண் ஏறியதை மட்டும் வைத்துப் புரதம் ஒட்டியது என்று சொல்லவே கூடாது.

துளியைக் கைவிட்டு, மூடிய சிலிகோன் நுண்கால்வாயில் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் அளவில் ஓடவிடுங்கள். உணரிச் சில்லின் வெப்பநிலை 0.1 டிகிரிக்கு மேல் மாறாமல் நிறுத்துங்கள். அதே சில்லில் ஆன்டிபாடி (தேடும் புரதத்தைப் பிடிக்கும் மூலக்கூறு) பூசாத இரண்டாவது ஒத்ததிர்வி இருந்தால் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படிக்கலாம்; இதைத் தவிர்க்காதீர்கள். அதிர்வெண்ணை அளக்கும் கருவியான நெட்வொர்க் அனலைசரை அரை மணி நேரமாவது சூடேறவிட்டு, பிறகு அளவுத்திருத்தம் செய்யுங்கள். கேபிளை மேசையோடு ஒட்டிவிடுங்கள், அது அசைந்தாலே அலையின் கட்டம் (phase) மாறும். பஃபரில் 20 நிமிடம் கோடு தட்டையாக நின்ற பிறகே புரதம். பின் மறுபடி பஃபரால் கழுவுங்கள். கழுவிய பிறகும் எஞ்சும் நகர்வுதான் கணக்கு. அதிலும் ஆன்டிபாடியில் அல்லாமல் பரப்பில் தவறி ஒட்டியது கலந்திருக்கலாம். அந்த ஆன்டிபாடி பிடிக்காத வேறொரு புரதத்தை ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

அதிர்வெண்ணோடு ஒத்ததிர்வின் ஆழத்தையும் (அளவுக் கோட்டில் விழும் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை) பதியுங்கள். கிராஃபீனில் மின்னூட்டத் துகள்கள் கூடினாலோ குறைந்தாலோ இழப்பு மாறும். அது ஆழத்தில்தான் தெரியும்.

கேள்வி: நேர்மின்னோட்டத்தில் இயங்கும் கிராஃபீன் டிரான்சிஸ்டரே போதாதா?

பதில்: உப்புக் கரைசலில் போதாது. உடல் திரவ அளவு உப்புள்ள பாஸ்பேட் பஃபரில் அயனிகள் சுமார் 0.7 நானோமீட்டருக்கு அப்பாலுள்ள மின்னூட்டத்தை மறைத்துவிடும். ஆன்டிபாடியின் அளவோ 10 நானோமீட்டரை ஒட்டியது. நூறு மடங்கு நீர்த்தால் மறைப்பு தூரம் 7 நானோமீட்டர் ஆகும், ஆனால் புரதங்கள் தாறுமாறாக ஒட்டத் தொடங்கும். நுண்ணலையில் இந்தச் சிக்கல் குறைவு: சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அயனிகளால் புலத்தோடு ஈடுகொடுக்க முடியாது. 20 கிகாஹெர்ட்ஸை நெருங்கினால் நீரே அலையை விழுங்கும். அதனால் 1 முதல் 5 கிகாஹெர்ட்ஸ் வசதியான இடம். முழு அலைவழியையும் கிராஃபீனில் செய்யாதீர்கள்: சதுரத்துக்குச் சில நூறு ஓம் தடை ஒத்ததிர்வையே கொன்றுவிடும். உலோக ஒத்ததிர்வியில், மின்புலம் உச்சமான இடத்தில் சிறு கிராஃபீன் துண்டு போதும்.

கேள்வி: கிராஃபீனில் பைரீன் இணைப்பி (ஒரு முனை கிராஃபீனிலும் மறுமுனை ஆன்டிபாடியிலும் ஒட்டும் மூலக்கூறு) பூசியும் ஆன்டிபாடி பிடிப்பதில்லை.

பதில்: ஆன்டிபாடிப் புட்டியின் சேர்மானத்தைப் பாருங்கள். டிரிஸ், கிளைசின், மாட்டு ஆல்புமின் ஆகியவற்றில், இணைப்பி பற்றிக்கொள்ளும் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி உண்டு. ஆன்டிபாடிக்கு முன்பே இவை இணைப்பியைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பேட் பஃபருக்கு மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். இணைப்பியை ஈரமற்ற டிஎம்எஃப் கரைப்பானில் 5 மில்லிமோலார் அளவில் 1 முதல் 2 மணி நேரம் வைத்து, அதே கரைப்பானால் கழுவி, தாமதிக்காமல் ஆன்டிபாடியை விடுங்கள். நீரில் அதன் வினைமுனை சிதைந்துவிடும். மிஞ்சிய முனைகளை எத்தனாலமைன் என்ற சிறு அமீனால் அடைத்துவிடுங்கள். இதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால், கிராஃபீனை இடமாற்றும்போது தங்கிய பிஎம்எம்ஏ (தாங்கியாகப் பூசும் பிளாஸ்டிக்) படலத்தைச் சந்தேகிக்கலாம்.