தீவுகளின் குடிநீர்: இதைப் படித்தால் வேலை உண்டா?

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள், தீவுகளின் குடிநீரைப் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறாள். அதற்கு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. வழி தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

சிறு வயதில் ராமநாதபுரம் கடற்கரையில் மணலைத் தோண்டி, ஊற்றில் சுரந்த தண்ணீரைச் சிரட்டையால் வழித்துக் குடத்தில் ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்களே, பாடம் அங்கேயே இருக்கிறது. மழைநீர் கடல்நீரைவிட லேசானது. மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் கரித்துவிடும். அதனால்தான் சிரட்டை.

லட்சத்தீவு, மாலத்தீவு, பசிபிக் கடலில் உள்ள கிரிபாட்டி நாடு போன்ற பவளத் தீவுகளில் நிலம் பெரும்பாலும் கடலுக்கு மேல் ஓரிரு மீட்டர்தான். ஆறு கிடையாது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. சிறு தீவுகளில் அவ்வளவு கிடைப்பதில்லை. மோட்டார் போட்டு இறைத்து மேலே நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே, அடியிலிருந்து உப்பு பல மடங்கு ஏறிவரும். கிரிபாட்டியின் தெற்குத் தாராவாவில் துளையிட்ட குழாய்களைப் படுக்கைவசமாகப் புதைத்து, மேலாக இருக்கும் நீரை மட்டும் எடுக்கிறார்கள். நீங்கள் சிரட்டையால் செய்ததும் இதே வேலைதான்.

கடல் உயர உயர, அலை உள்ளே புகுந்து கிணறுகளைக் கெடுக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை மட்டும் நம்பவும் முடியாது. 2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயின் ஆலையில் தீப்பிடித்தபோது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியிருந்தது. கிணறு, கூரை மழைநீர், ஆலை மூன்றையும் சேர்த்துத் திட்டமிடத் தெரிந்தவர்கள்தான் அங்கே தேவை.

படிப்புக்கு வருவோம். 'பருவநிலை' என்று பெயரில் வைத்திருக்கும் புதுப்புது இளநிலைப் படிப்புகளில் சேர்க்க அவசரப்பட வேண்டாம். அகலமான அடித்தளம் முதலில்: பி.எஸ்சி. ஜியாலஜி, பிறகு எம்.எஸ்சி. ஒரு எச்சரிக்கை: தமிழில் 'புவியியல்' என்றால் ஜியாகிரஃபி, ஜியாலஜி என்பது 'நிலவியல்'. இந்தக் குழப்பத்தில் படிப்பையே மாற்றி எடுத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு மூலம் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானியாகச் சேரலாம்; நிலத்தடி நீர்ப் பிரிவுக்கு நிலவியல் சார்ந்த முதுநிலைப் பட்டம் கேட்பார்கள்.

கணக்கும் இயந்திரங்களும் பிடித்தவள் என்றால் சிவில், மெக்கானிக்கல் பொறியியலும் நல்ல வழி. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில் அமைத்த ஆலை நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீருக்கானது. மேற்பரப்புக் கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் கொண்டு அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். 2011-இல் அங்குள்ள மினிக்காய், அகத்தி தீவுகளுக்கும் அதே முறை போனது.

கல்லூரிப் பட்டியலை மகளோடு உட்கார்ந்து பார்ப்போம். அதற்கு முன் ஒரு வேலை: நீரின் உப்பளவு காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். இந்த விடுமுறையில் உங்கள் ஊர் ஊற்று நீரைக் காலையிலும், நிறையப் பேர் இறைத்த பிறகு மாலையிலும் அளந்து ஒரு நோட்டில் எழுதட்டும். வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.