மறதியா, தாமதமா?

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு 71 வயது. எதைக் கேட்டாலும் பதில் வர நேரமாகிறது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் மூளையின் வெண்பொருளில் பாதிப்பு, ஃபசேக்காஸ் 2 என்று போட்டிருக்கிறார்கள். 'மூளையில் கெமிக்கல் குறைந்துவிட்டது, மாத்திரை போட்டால் சரியாகிவிடும்' என்கிறார் உறவினர் ஒருவர். அப்படியா? நினைவெல்லாம் போய்விடுமா?

அன்புள்ள நண்பருக்கு,

நான் மருத்துவன் இல்லை. என் அம்மாவின் ரிப்போர்ட்டில் இதே சொல் வந்தபோது பயந்துபோய்ப் படிக்க ஆரம்பித்தவன், அவ்வளவுதான்.

டோபமைன், அசிட்டைல்கோலின் போன்ற கெமிக்கல்கள் பெரும்பாலும் வேலை செய்வது நரம்பணுக்கள் சந்திக்கும் நுண்ணிய இடைவெளியில். வெண்பொருள் என்பது அதுவரை சேதியைக் கொண்டுவரும் இழைகள்; மூளையில் ஏறக்குறைய பாதி இதுதான். மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருப்பதால் வெள்ளை நிறம். உறையில்லாத இழையில் சேதி நொடிக்கு ஓரிரு மீட்டர் போனாலே அதிகம். உறை போட்ட தடித்த இழையில் 100 மீட்டர்கூடப் போகும். அசிட்டைல்கோலினைக் கொண்டுசேர்க்கும் இழைகளும் இதற்குள்தான் போகின்றன என்பதால் உறவினர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் வழி பழுதானதற்குச் சரக்கை மட்டும் கூட்டி என்ன பயன்?

இந்த வயதில் இது பெரும்பாலும் மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் கெடுவதால் வருவது, முக்கியக் காரணம் ரத்தக்கொதிப்பு. ஃபசேக்காஸ் 0 முதல் 3 வரையான அளவுகோல், 2 நடுத்தரம். இதில் முதலில் அடிவாங்குவது வேகமும், திட்டமிடுவதும், ஒரே நேரத்தில் இரண்டு காரியம் பார்ப்பதும்தான். நினைவு பல நேரம் உள்ளேயே இருக்கும், எடுத்துக்கொடுக்கத்தான் தாமதம். நான் மூன்றாவது கேள்விக்குப் போயிருப்பேன், அம்மா அப்போதுதான் முதல் கேள்விக்குப் பதில் சொல்வாள். அதை மறதி என்று நானே ஒரு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பாவுக்கு ஒரு துப்பு கொடுத்துப் பாருங்கள், டக்கென்று சொல்கிறாரா என்று.

சரி, மாத்திரை? கெட்ட வெண்பொருளைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்னும் கிடையாது. 2019இல் வந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், ரத்த அழுத்தத்தின் மேல் அளவை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு, 140 இலக்கு வைத்தவர்களைவிட இந்தப் பாதிப்பு மெதுவாகவே கூடியது. அதற்காக நீங்களாக ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள், தலைசுற்றி விழுந்தால் அது வேறு வம்பு. பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் மயலின் கெடும், அதைச் சரிசெய்ய வழி உண்டு.

அப்புறம், அப்பாவின் நடையைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே. அடி குறுகி, கால் தேய்கிற மாதிரி நடக்கிறாரா? அதுவும் இதோடு சேர்ந்து வருவதுதான், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.