ஸ்ட்ரீமர் டெமோவுக்குப் போகும்போது உங்கள் டாக்கையும் எடுத்துப் போங்கள்

கேள்வி: லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி வழியாகத் தனி டாக் (டிஜிட்டல் எண்களை ஒலியாக மாற்றும் கருவி, DAC), அங்கிருந்து ஆம்ப், ஸ்பீக்கர் என்று பல வருடமாகப் பாட்டுக் கேட்டு வருகிறேன். ஒரு ஹை-ஃபை டீலர் நெட்வொர்க் வழியாகப் பாட்டை வாங்கி ஓட்டும் விலை உயர்ந்த ஸ்ட்ரீமர் ஒன்றைக் கேட்டுப் பார்க்க அழைத்திருக்கிறார். ஒரு மணி நேரம் தருகிறார். அதற்குள் எதைக் கவனித்து முடிவெடுப்பது? வித்தியாசமே தெரியாமல் போனால் என் காது சரியில்லை என்று எடுத்துக்கொள்வதா?

பதில்: காதைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். தனி டாக் வைத்திருப்பவருக்கு ஸ்ட்ரீமர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். பாட்டை நெட்வொர்க்கிலிருந்து வாங்கி, எண்கள் மாறாமல் டாக்கிடம் ஒப்படைக்க வேண்டும். எண்களை ஒலியாக மாற்றுவது டாக்கின் வேலை, அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஆகவே வித்தியாசம் கேட்காமல் போனால் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். “இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க சார்” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போங்கள்.

ஆனால் டெமோவில் அநேகமாக உங்களுக்கு வித்தியாசம் கேட்கத்தான் போகிறது. சிக்கலே அங்கேதான்.

விலை உயர்ந்த ஸ்ட்ரீமர்களில் பலவற்றுக்குள்ளேயே ஒரு டாக் இருக்கும். டீலர் அதை எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஆம்புக்குக் கொடுப்பார். ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் மற்ற கருவி ஆர்சிஏ கேபிளில் போகும். வழக்கமாக ஆர்சிஏயில் வருவது 2 வோல்ட், எக்ஸ்எல்ஆரில் 4 வோல்ட். இரண்டு மடங்கு என்றால் 6 டெசிபல். இவ்வளவு கூடினால் எவருக்கும் தெரிந்துவிடும், டீலரே வால்யூமைக் குறைத்துவிடுவார். குறைத்த பிறகும் மிச்சமிருக்கும் அரை டெசிபல்தான் ஆளை ஏமாற்றும். சத்தம் கூடியிருக்கிறது என்று அப்போது தோன்றாது. பேஸ் நிறைந்திருக்கிறது, பாடகர் ஒரு அடி முன்னால் வந்து நிற்கிறார், பின்னணி இருளடைந்திருக்கிறது என்றெல்லாம் தோன்றும். விமர்சனக் கட்டுரைகளில் வரும் வர்ணனைகளில் பாதி இப்படிப் பிறந்தவை என்பது என் சந்தேகம்.

சரி, இதற்கு என்ன செய்வது? முறையான வழி, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து ஏசி வோல்ட்டைப் பார்ப்பது. இரண்டு கருவிக்கும் இடையில் 1 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. ஒன்று 2.00 காட்டினால் மற்றது 2.02-க்குள் நிற்க வேண்டும், அது சுமார் 0.1 டெசிபல். ஃபோனில் இருக்கும் சத்தம் அளக்கும் செயலி இந்த நுணுக்கத்துக்குப் போதாது.

இதெல்லாம் தொல்லை என்று தோன்றினால் எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் டாக்கையும் லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள். ஸ்ட்ரீமரின் டிஜிட்டல் அவுட்டை உங்கள் டாக்கில் செருகச் சொல்லுங்கள். ஸ்ட்ரீமரில் வால்யூம் முழுதாக, நிலையாக இருக்கட்டும். ஈக்வலைசர், அறைத் திருத்தம் எல்லாம் அணைந்திருக்கட்டும். லேப்டாப்பிலும் வால்யூம் முழுதாக வைத்து, பாட்டுச் செயலியில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ முறையைப் போடுங்கள். இல்லாவிட்டால் கணினியின் மிக்ஸர் நடுவில் புகுந்து எண்களை மாற்றிவிடும். சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் ‘நார்மலைசேஷன்’ இரண்டு பக்கமும் அணைந்திருக்க வேண்டும். ஒரே சேவை, ஒரே ஆல்பம், ஒரே பதிப்பு. பழைய பதிவும் ரீமாஸ்டரும் ஒன்றுபோல் ஒலிக்காது, அதற்கு ஸ்ட்ரீமர் பொறுப்பல்ல. இவ்வளவும் செய்தால் மல்டிமீட்டர் இல்லாமலே இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்துவிடும்.

அப்புறம், எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். கூட வரும் நண்பர் மாற்றட்டும். 10 முறையில் 9 சரியாகச் சொன்னால் நீங்கள் நிஜமாகவே எதையோ கேட்கிறீர்கள், ஏனென்றால் வெறும் ஊகத்தில் அது நூற்றில் ஒருவருக்குத்தான் வாய்க்கும். 7 சரியானதும் மகிழ்ந்துவிடாதீர்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு அது கிடைத்துவிடும். டீலர் இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் சண்டை போட வேண்டாம், வீட்டுக்கு இரவலாகக் கேளுங்கள்.

கடையில் இரண்டு வசனங்கள் காதில் விழும். “200 மணி நேரம் ஓடினால்தான் இதன் குரல் திறக்கும்” என்பது ஒன்று. தினம் 3 மணி நேரம் கேட்டால் 200 மணி என்பது இரண்டு மாதத்துக்கு மேல். அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும், உங்கள் காதும் பழகியிருக்கும். அந்தக் கணக்கு யாருக்கு வசதி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஸ்ட்ரீமரோடு ‘ஆடியோஃபைல்’ நெட்வொர்க் ஸ்விட்சும் லேன் கேபிளும் வாங்கினால்தான் முழுப் பலன் என்பது. பாட்டு ஓடும்போது அந்தக் கேபிளை உருவிவிடுங்கள். பாட்டு நிற்காது. ஏற்கெனவே வந்து நினைவகத்தில் சேர்ந்திருக்கும் தரவிலிருந்து, சில கருவிகள் சில நொடியும் சில கருவிகள் பாட்டு முடியும்வரையும் ஓட்டும். கேபிளே இல்லாத அந்த நேரத்தில் ஒலி மோசமானதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இதைச் சொல்லிக்கொடுப்பதால் டீலர்கள் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. இணைய விமர்சகர்களையும் நம்பிவிடாதீர்கள். இரவலாக வந்த கருவியைப் புகழ்ந்துவிட்டு, அடியில் கமிஷன் தரும் ‘வாங்க’ இணைப்பை வைக்கும் இடங்களில் எதை எதிர்பார்க்க முடியும்?

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் அமைப்பில் லேப்டாப் இருக்கிறது. லேப்டாப்பின் மின் இரைச்சல் யூஎஸ்பி கேபிளின் தரைக்கம்பி வழியே டாக்குக்கும் ஆம்புக்கும் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. வீட்டிலேயே சோதியுங்கள். பாட்டை நிறுத்துங்கள். ஆம்பின் வால்யூமை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி, ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் சின்னப் பகுதியான ட்வீட்டர் அருகே காதை வையுங்கள். மவுஸை நகர்த்துங்கள், ஏதாவது பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் உருட்டுங்கள், பிறகு சார்ஜரைப் பிடுங்குங்கள். கிரீச்சோ ரீங்காரமோ இவற்றோடு சேர்ந்து மாறினால், மேலே சொன்ன ‘வித்தியாசம் இராது’ என்பது உங்களுக்குப் பொருந்தாது. ஸ்ட்ரீமர் வாங்கினால் உங்களுக்கு நிஜமாகவே நன்மை. ஆனால் அந்த நன்மைக்கு விலை உயர்ந்த ஸ்ட்ரீமர்தான் வேண்டும் என்பதில்லை. ஆப்டிகல் அவுட் உள்ள எளிய ஸ்ட்ரீமரே போதும், ஏனென்றால் ஆப்டிகல் கேபிளில் போவது வெளிச்சம், மின் தொடர்பு அங்கே அறுந்துவிடுகிறது. 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஆப்டிகலில் ஏற்காத கருவிகள் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் இன்னும் நல்லது, பேட்டரியில் ஓட்டிக் கேட்கலாம், எதையும் வாங்க வேண்டாம். இதை டீலரின் அறையில் சோதிக்க முடியாது. அங்கே வேறு வயரிங், வேறு ஆம்ப். உங்கள் வீட்டு இரைச்சல் உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

அப்படியானால் அந்த ஒரு மணி நேரத்தை எதில் செலவழிப்பது? செயலியில். ஸ்ட்ரீமர் என்பது அழகான அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கணினி. நாளை உங்களுக்கு எரிச்சல் வந்தால் அது மென்பொருளால்தான் வரும். டீலரின் டேப்லெட்டை ஒதுக்கிவிட்டு உங்கள் ஃபோனில் செயலியைப் போட்டுப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில்லாத ஒரு கச்சேரிப் பதிவை ஓடவிட்டு, நடுவில் துண்டு விழுகிறதா என்று கேளுங்கள். ஃபோனைப் பூட்டி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் செயலி கருவியை உடனே கண்டுபிடிக்கிறதா, தேடுகிறேன் தேடுகிறேன் என்று சுற்றிக்கொண்டிருக்கிறதா? நீங்கள் சந்தா கட்டும் சேவை நேரடியாக வருகிறதா? தயாரிப்பாளரின் செயலி இல்லாமல், வீட்டு நெட்வொர்க்கில் வெவ்வேறு நிறுவனக் கருவிகள் பேசிக்கொள்ள உதவும் பொதுத் தரமான யூபிஎன்பி வழியாகவும் பாட முடிகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். அது இருந்தால், நிறுவனம் செயலியைக் கைவிட்டாலும் கருவி பாடும்.

இந்தத் துறையில் எனக்குப் பொறுமை போவது இங்கேதான். பெட்டிக்கும் மின்வழங்கிக்கும் வாரண்டி அச்சடித்துத் தருகிறார்கள். செயலியை எத்தனை ஆண்டு பராமரிப்பீர்கள் என்று கேட்டால் எழுத்தில் பதில் தருபவர் அரிது. எம்க்யூஏ கதையைப் பாருங்கள். 2014-இல் அறிவிக்கப்பட்ட அந்த ஒலி வடிவத்தின் முத்திரைக்காகவே கருவி மாற்றியவர்கள் உண்டு. 2023-இல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2024 ஜூலையில் டைடல் என்ற பாட்டுச் சேவை அதைக் கைவிட்டு, ஃப்ளாக் என்ற பொது ஒலி வடிவத்துக்கு மாறியது. முத்திரைக்குக் கொடுத்த காசை யாரும் திருப்பித் தரவில்லை. ஆகவே பெட்டியில் எத்தனை சின்னங்கள் மின்னுகின்றன என்று எண்ணாதீர்கள்.

வீட்டுக்கு இரவலாக எடுத்து வருவதானால் நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். கெடு பெட்டியைத் திறந்த நாளிலிருந்தா, ரசீது போட்ட நாளிலிருந்தா? திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? திருப்பினால் பணம் வருமா, வேறு பொருள்தான் எடுக்க வேண்டுமா? அப்புறம், டெமோவில் உங்கள் சந்தாக் கணக்கில் நுழைந்திருந்தால் கிளம்பும்முன் அதிலிருந்து வெளியேறிவிடுங்கள்.