வாசகர் கேள்வி: காதலியின் பெற்றோரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஜெர்மானிய இளைஞர் யென்ஸ் சோரிங் பற்றி 2016இல் வெளியான ஆவணப்படத்தைப் பார்த்தேன். அவர் நிரபராதி என்று நம்பலாமா?

பதில்: அந்தப் படத்தை மட்டும் வைத்து அப்படி முடிவுசெய்வது சரியல்ல என்பதே என் கருத்து. 1985 மார்ச் இறுதியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் டெரெக், நான்சி ஹேசம் தம்பதியர் தங்கள் வீட்டிலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய மகள் எலிசபெத்தும், அவருடைய காதலரும் ஜெர்மானியத் தூதரக அதிகாரியின் மகனுமான சோரிங்கும் நாட்டைவிட்டுத் தப்பி, 1986இல் லண்டனில் காசோலை மோசடிக்காகப் பிடிபட்டனர். அங்கே கொலையை ஒப்புக்கொண்ட சோரிங், காதலியை மின்சார நாற்காலியிலிருந்து காப்பாற்றவே பழியைத் தாம் ஏற்றதாகப் பின்னர் கூறினார். எலிசபெத்துக்கு 90 ஆண்டுகளும், சோரிங்குக்கு 1990இல் இரட்டை ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன.

சிறையிலிருந்து சோரிங் பேசுவதைப் படம் மிக நெருக்கமாகக் காட்டுவதால், பார்ப்பவரின் மனம் அவர் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் 2019இல் இருவரையும் பரோலில் விடுவித்து நாடுகடத்த முடிவுசெய்த வர்ஜீனியா பரோல் வாரியம், அவர் குற்றமற்றவர் என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஆளுநரும் மன்னிப்பு வழங்க மறுத்துவிட்டார்.

இவ்வழக்கில் நான் இன்னும் முக்கியமாகக் கருதுவது, மரண தண்டனைக்காகப் பல்லாண்டு காத்திருக்கவைப்பதே மனிதத்தன்மையற்ற செயலாகலாம் என்று கூறி, அந்த அபாயம் இருக்கும்வரை அவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்கக்கூடாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1989இல் வழங்கிய தீர்ப்பைத்தான்.