உம்பளச்சேரி மாட்டைப் பிறகு உருவாக்கிக்கொள்ளலாமா?

கேள்வி: அழிந்துபோன ஓநாய் இனம் அமெரிக்காவில் மறுபடி பிறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்படியானால் உம்பளச்சேரி அழிந்தாலும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்தானே?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: அதை நம்பி இருந்துவிடாதீர்கள். 2025இல் காட்டிய குட்டிகள், சாம்பல் ஓநாயின் செல்லில் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து, நாயின் வயிற்றில் வளர்த்தவை. பழைய ஓநாயின் சாயல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். உண்மையிலேயே அழிந்த இனத்தில் குட்டி பிறந்தது ஸ்பெயினின் பிரனீஸ் மலைகளில் வாழ்ந்த காட்டாட்டில். அதன் கடைசிப் பெட்டை 2000இல் செத்தது. அதற்கு முன்பே எடுத்து உறையவைத்திருந்த தோல் செல்லிலிருந்து 2003இல் ஒரு குட்டி பிறந்து, நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் இறந்தது. பிழைத்திருந்தாலும் இணை சேரக் கிடா ஏது?

மாட்டில் வழி இருக்கிறது. ஹரியானாவின் கர்னாலில் 2023இல் கிர் இனக் கன்று குளோனிங்கில், அதாவது ஒரு மாட்டின் செல்லிலிருந்தே அதன் நகலை உருவாக்கும் முறையில், பிறந்தது. ஆனால் அதற்கு உயிருள்ள செல் வேண்டும்.

கேள்வி: எங்கள் உம்பளச்சேரிக் காளைக்கு வயதாகிவிட்டது. காதுத் தோலை வெட்டி வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் போதுமா?
- வாசகர், தலைஞாயிறு

பதில்: போதாது. மெல்ல உறையும்போது பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும். ஸ்பிரிட்டில் போட்டாலும் செல் செத்துவிடும். மரபணுவைப் படிக்கலாம், கன்று வராது.

முதலில் செல்லை உறையவைக்கும் ஆய்வகத்திடம் பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவர் காது ஓரத்து முடியை மழித்து, சோப்பால் கழுவி, ஸ்பிரிட் தடவிக் காயவிட்டு, மரத்துப்போகும் ஊசி போட்டு அரை சென்டிமீட்டர் துண்டு எடுக்கட்டும். சரியாகக் கழுவாவிட்டால் தொழுவத்துப் பூஞ்சை வளர்ந்து எல்லாம் வீண். ஆன்டிபயாடிக் கலந்த வளர்ப்புத் திரவத்தில் போட்டு, ஐஸில் நேராகப் படாமல் 4 டிகிரியில் 24 மணி நேரத்துக்குள் சேர்க்கவேண்டும். அங்கே செல்லைப் பெருக்கி, பனிப்படிகத்தைத் தடுக்கும் மருந்து சேர்த்து, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிரவைத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைப்பார்கள். நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒருமுறை நிரப்ப மறந்தால் மொத்தமும் போச்சு.

காளையிடம் இன்னும் விந்து எடுக்க முடிந்தால் அதுதான் முதல் வேலை. உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி நீரில் 30 விநாடி உருக்கினால் சினை ஊசிக்குத் தயார். பசுக்களே இல்லாமல் போனால் வேற்றினப் பசுவில் தொடங்கி, பிறக்கும் மகள்களுக்கும் உம்பளச்சேரி விந்தே போடவேண்டும்: உம்பளச்சேரி ரத்தம் 50, 75, 87.5 என்று ஏறி நான்காம் தலைமுறையில்தான் 93.75 சதவீதம். பதினைந்து வருஷ உழைப்பு! அதுவும் ஒரே காளையின் குச்சி என்றால் மகளுக்கே தகப்பன் விந்து போய்க் கன்றுகள் நலிந்துவிடும். அதனால் உறவில்லாத பல காளைகளின் விந்தும், பசுக்களின் காதுத் துண்டும் சேர்ந்தே வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குப்பியிலும் காது வில்லை எண், தாய், தகப்பன், ஊர் நான்கையும் எழுதச் சொல்லுங்கள்.