டாக்டர் ஹூ: மூன்று 'சீசன் 1', எதில் தொடங்குவது?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டு என் தொழில். பிபிசியின் அறிவியல் புனைகதை டிவி தொடர் 'டாக்டர் ஹூ' புது சீசன் வருமுன் நானும் பழசைப் பார்த்துவிட வேண்டும் என்று மகன் நிற்கிறான். அறுபது வருடத் தொடராமே! எங்கே தொடங்குவது? அதிகாலை மூன்றரைக்கு எழும்புகிறவன் நான். மழை என்றால் கரண்டும் நெட்டும் போய்விடும்.

பதில்: 1963-இல் தொடங்காதீர்கள். 1989 வரைக்கும் 26 சீசன். பல எபிசோடுகளின் டேப்பை பிபிசியே அழித்துவிட்டது. 2005-இல் தொடங்குங்கள். 1963, 2005, 2024 மூன்றுக்கும் 'சீசன் 1' என்றுதான் பெயர். கறுப்பு வெள்ளையில் ஓடினால் மூடிவிடுங்கள். கதாநாயகன் 'டாக்டர்' லெதர் ஜாக்கெட்டில் வந்தால் சரியான இடம்.

2005-இன் 13 எபிசோடு முடிந்ததும் நேரே சீசன் 2-ஐத் தட்டினால் 'இது யார் புது ஆள்?' என்று முழிப்பீர்கள். சாகும் தறுவாயில் டாக்டர் உடல் மாறி வேறு ஆளாகிவிடுவார்; 1966-இல் முதல் நடிகருக்கு உடம்பு முடியாதபோது கண்ட வழி. 2005 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடில்தான் புது டாக்டர் பைஜாமாவோடு படுக்கையை விட்டு எழும்புகிறார். ஆப்பில் அது 'ஸ்பெஷல்ஸ்' என்று தனியாகக் கிடக்கலாம், தேடி எடுங்கள்.

பிறகு 2007-இன் 'பிளிங்க்' எபிசோடு ஒன்று போதும். முன்கதை தெரியாமலே பயமுறுத்தும். அங்கிருந்து 2023-க்குத் தாவுங்கள்: அறுபதாம் ஆண்டுச் சிறப்புகள் 3, கிறிஸ்துமஸ் 1, 2024-இல் 8, அந்தக் கிறிஸ்துமஸுக்கு 1, 2025-இல் 8. மொத்தம் 36. பால் எடுத்து, ஷீட் அடித்து முடித்தபின் தினம் ஒன்று.

மழையன்று வெட்டு இல்லை, நேரம் கிடைக்கும். அன்றைக்குப் பார்த்துக் கரண்டு இருக்காது. ஆகவே வானம் இருட்டும் முன்பே போனில் இறக்கிவிடுங்கள். விநாடிக்கு 2 மெகாபிட் தரத்தில் 45 நிமிடத்துக்குச் சுமார் 675 எம்பி ஆகும். ஏரோபிளேன் மோடில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். படம் ஓடி சப்டைட்டில் வராமல் போவதுண்டு.

புது சீசனுக்கு முழித்திருக்க வேண்டாம். லண்டனில் மாலை 7 என்றால், அங்கே கோடையானால் இங்கே இரவு 11.30, அங்கே குளிர்காலமானால் 12.30. மறுநாள் பாருங்கள். அதுவரை கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

2005 எதற்கு என்றால், 2025 மே 31-இல் ஒளிபரப்பான எபிசோடின் கடைசி நொடிகளில் ஒரு முகம் வரும். 2005-ஐப் பார்த்தவருக்குத்தான் அது யாரென்று தெரியும். இங்கே சொல்லப் போவதில்லை.