வலிப்புக் குளிசையும் நாயின் ஈரலும்

கேள்வி: எங்கள் ஆறு வயது லாப்ரடோர் நாய்க்குப் பத்து மாதங்களாக வலிப்புக்குப் பீனோபார்பிட்டோன் கொடுக்கிறோம். வலிப்பு நின்றுவிட்டது. ஆனால், இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதியங்களான ஏ.எல்.பி. மூன்று மடங்கும் ஏ.எல்.டி. சற்றும் கூடியுள்ளன. ஈரல் பழுதாகிவிட்டதென உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். குளிசையை நிறுத்தலாமா? வீட்டிலுள்ள பூனைக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுக்கலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: தயவுசெய்து இன்றிரவுக் குளிசையைத் தவறாமல் கொடுங்கள். மாதக்கணக்கில் பழகிய இம்மருந்தைத் திடீரென நிறுத்தினால், விடாமல் தொடரும் வலிப்பு ஏற்பட்டு, நீங்கள் அஞ்சும் ஈரல் நோய்க்கு முன்னரே நாயின் உயிர் போய்விடக்கூடும்.

பீனோபார்பிட்டோன் ஈரலிலுள்ள நொதியங்களின் உற்பத்தியைத் தூண்டுவது; ஆகவே அதை உட்கொள்ளும் நாய்களில் ஈரற்கலங்கள் சிதையாமலே ஏ.எல்.பி. பல மடங்கு உயர்வது வழக்கம். ஏ.எல்.டி. அப்படியல்ல: அது கலங்களுக்குள் இருந்து, அவை சேதமுறும்போது கசிவது. இம்மருந்தால் அதுவும் ஓரளவு கூடலாம் என்றாலும், அடுத்தடுத்த பரிசோதனைகளில் ஏ.எல்.பி.யை மிஞ்சி அது ஏறிக்கொண்டே போனாலோ, ஈரல் உண்டாக்கும் புரதமான அல்புமின் குறைந்து, மஞ்சள் நிறப் பொருளான பிலிருபின் கூடினாலோ, அதை மருந்தின் இயல்பான விளைவென்று விட்டுவிடக் கூடாது.

எனவே உங்கள் மிருக வைத்தியரிடம் இரண்டு பரிசோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, வெறுவயிற்றிலும் உணவுண்டு இரண்டு மணித்தியாலத்தின் பின்னும் இரத்தம் எடுத்துப் பித்த அமிலங்களை அளப்பது. ஈரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதை நொதியங்களைவிட இது தெளிவாகச் சொல்லும். மற்றையது, இரத்தத்திலுள்ள மருந்தின் அளவு. மில்லிலீற்றருக்கு 35 மைக்கிரோகிராமைத் தாண்டினால் ஈரற்பாதிப்பின் அபாயம் கூடுகிறது. குளிசையின் அளவை மாற்றாமலே இந்த எண் ஏறினால், மருந்தைச் சிதைக்கும் ஆற்றலை ஈரல் இழக்கிறதோ என்று நான் சந்தேகிப்பேன். எல்லாம் சரியாக இருந்தால், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தாற் போதும்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது நாயின் பசியை. இம்மருந்து பசியையும் தாகத்தையும் கூட்டுவது. அதை உட்கொள்ளும் நாய் சாப்பாட்டை ஒதுக்கினால் அதுவே பெரிய அறிகுறி. வாந்தி, வயிறு வீங்குதல், எழும்ப முடியாத தூக்கம், கண்வெள்ளையிலும் முரசிலும் செங்கண்மாரியின் மஞ்சள் ஆகியன தெரிந்தால் அன்றைக்கே கொண்டுசெல்லுங்கள். பாதிப்பு உறுதியானால், பொட்டாசியம் புரோமைட்டுக்கோ லெவெடிராசெட்டத்துக்கோ வைத்தியரே மாற்றிவிடுவார். தொடக்கத்திலேயே மாற்றினால் ஈரல் தேறுவதும் உண்டு.

பூனைக்குப் பனடோல் ஒருபோதும் வேண்டாம். அதிலுள்ள பரசிட்டமோலை மனித ஈரல் பெருமளவு குளுகுரோனிக் அமிலத்துடன் பிணைத்து வெளியேற்றுகிறது. பூனையிடம் அந்த வழி மிகவும் குறைவு என்பதால், மருந்து நச்சுப்பொருளாக மாறி, ஈரலைத் தாக்குமுன்பே செங்குருதிக் கலங்களைக் கெடுத்துவிடுகிறது. நிறையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம்கூட நஞ்சானதுண்டு. நாலு கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் குளிசையில் பாதி கொடுத்தால் கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கும் மேல் போய்ச் சேரும். முரசு கபில நிறமாவதும், முகமும் பாதங்களும் வீங்குவதும், மூச்சு வாங்குவதும் அடையாளங்கள். யாராவது அறியாமற் கொடுத்துவிட்டால், அவை தோன்றும்வரை காத்திராமல், உப்புநீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்கவும் முயலாமல், குளிசை அட்டையோடு உடனே வைத்தியரிடம் ஓடுங்கள். அசெட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து இருக்கிறது. முதற் சில மணித்தியாலங்களுக்குள் கொடுத்தால்தான் அது நன்றாகக் கைகொடுக்கும்.